பத்தாம் ஆண்டு வருமுன்

திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரை மணலில் நின்று கைதட்டியவர்களே, நம்மிடம் ஒரு கணக்குக் கேட்கப்படும். 2025 டிசம்பர் 3 அன்று, குடியரசுத் தலைவர் முன்னிலையில், கடற்படை நமக்குத் தன் பலத்தைக் காட்டியது. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைப் பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்தோம். அந்தக் கப்பல்களில் நின்ற இளம் லெப்டினன்ட்டுகளில் எத்தனை பேர் விலகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தோமா?

இப்போதாவது நினையுங்கள். ஷார்ட் சர்வீஸ் எனும் குறுகிய காலப் பணியில் அதிகாரியாகச் சேர்ந்தவருக்கு 10 ஆண்டு, நீட்டித்தால் 14. பென்ஷனுக்கோ 20 ஆண்டு வேண்டும். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் கழுத்தை நெரிக்கும் வயதில் அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வணிகக் கப்பல் சம்பளத்தைக் காட்டி அழைக்கிறது. ஆனால் பணத்தாசை என்று பழி சொல்லித் தப்பாதீர்கள். கொச்சியிலிருந்து விசாகப்பட்டினம், அங்கிருந்து காரவார். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் துணைவரின் வேலை போகிறது, குழந்தைக்குப் பள்ளி மாறுகிறது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டவனிடம் மேலதிகாரி முகம் சுளிக்கிறார். அன்றே அவன் மனம் கரையேறிவிடுகிறது. விலகல் கடிதம் பிறகுதான் வரும்.

நம் மண்ணிலேயே பாருங்கள். 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணியேற்று, வலிய கப்பித்தானாக, அதாவது தலைமைத் தளபதியாக உயர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையில் தமிழ் எழுத்து இருக்கிறது. எதிரியாக வந்தவனை நம்பிப் பொறுப்புக் கொடுத்த நாட்டில், சொந்தப் பிள்ளையை நம்பத் தயங்குகிறோமா?

தாமதத்துக்கு விலை உண்டு. 1990களின் தொடக்கத்தில் மருத்துவம் தவிர்த்த பிரிவுகளிலும் பெண்கள் கடற்படை அதிகாரிகளானார்கள். பெர்மனென்ட் கமிஷன் எனும் நிரந்தரப் பணிக்கு அவர்களும் தகுதியானவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 மார்ச் 17 அன்று. அதற்குள் வெளியேறியிருந்த சிலருக்குப் பென்ஷன் கிடைத்தது. கழிந்த கடல் ஆண்டுகளை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

ஆகவே, கப்பல் தலைவர்களே, நாளை என்னாதீர்கள்: லீவு கேட்பவனை உட்காரவைத்துக் கேளுங்கள். பள்ளி நடத்துவோரே, வருட நடுவில் வரும் குழந்தைக்குக் கதவைத் திறங்கள். வேலை கொடுப்போரே, கடற்படை அதிகாரியின் துணைவரது விண்ணப்பத்தில் ஊர் மாறி மாறி விழுந்த இடைவெளியைக் குற்றமாக எண்ணாதீர்கள். அண்டை வீட்டாரே, அந்த அதிகாரி கடலில் இருக்கும்போது அவன் தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பெற்றோரே, "மற்றவன் இவ்வளவு சம்பாதிக்கிறான்" என்று சொல்வதை நிறுத்துங்கள். (சொல்லியிருக்கிறோம், நானும்தான்.) இது ஒருவர் தோளில் ஏற்றும் பாரமில்லை, எல்லோரும் பட்ட கடன்.

இன்றிரவே கடற்படையில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்கள். விடியுமுன் கப்பல் புறப்பட்டுவிட்டால், அடுத்துச் சிக்னல் கிடைக்க எத்தனை நாளாகுமோ.