புயல் ஓய்ந்த பிறகு



1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், ஒடிசாவின் பாராதீப் அருகே பெரும்புயல் கரையைக் கடந்தது. கடல் ஊர்களுக்குள் புகுந்தது. சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். நாடெங்குமிருந்து அரிசியும் துணியும் மருந்தும் சென்றன. நாளடைவில் வீடுகள் எழும்பின, வயல்கள் பசுமையாயின. துயர் தீர்ந்தது என்று எண்ணினோம்.

தீர்ந்ததா? ஓராண்டுக்குப் பின் மனநல மருத்துவர்கள் அங்குள்ள சிறாரும் வளரிளம் பருவத்தினருமாக 447 மாணவர்களை ஆராய்ந்தனர். பத்தில் மூவரிடம் பேரதிர்ச்சியின் விளைவான மனநோய் இருந்தது!

காற்று சற்றே பலமாக வீசினாலும் இவர்களது நெஞ்சு படபடக்கும். உறக்கத்தில் அதே அலை மீண்டும் வரும். தலைவலி, வயிற்றுவலி என்பர். சோதித்தால் உடலில் குறை தென்படாது. படிப்பில் மனம் ஒன்றாது. சிலர் எரிந்து விழுவர். சிலர் வாய் திறவார். நாமோ இதற்குச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் சூட்டுகிறோம். கவனியாது விட்டால் இத்துன்பம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும். மனச்சோர்வாகவும் போதைப் பழக்கமாகவும் வளரக்கூடும்.

குருக்ஷேத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அர்ஜுனனின் நா வறண்டது, உடல் நடுங்கியது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. மனத்தின் துயரம் மாவீரனின் உடலிலும் வெளிப்பட்டது. பகவான் என்ன செய்தார்? அவன் புலம்பி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். கடிந்துரைத்ததும் உபதேசித்ததும் அதன் பின்னரே. தேரை விட்டு அவர் அகலவே இல்லை.

நாமும் அவ்வாறே உடனிருக்க வேண்டும். நடந்ததைச் சொல்லுமாறு பிள்ளையை வற்புறுத்தலாகாது; அவனாகச் சொல்லும்போது செவிசாய்க்க வேண்டும். பள்ளி, விளையாட்டு, உரிய நேரத்து உறக்கம் ஆகிய அன்றாட ஒழுங்கு விரைவில் திரும்பட்டும். அன்பான சூழலில் பெரும்பாலோர் தேறிவிடுவர். வாரக்கணக்கில் தேறாதவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். இதில் இழுக்கு ஏதுமில்லை. இறைநம்பிக்கைக்கு இது குறைவும் அன்று. மருத்துவரின் கையிலும் அவனருளே செயல்படுகிறது.

2019 மே 3-ஆம் நாள் அதே ஒடிசாவை ஃபானி புயல் தாக்கியது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு மிகவும் குறைந்தது. உடலைக் காக்கும் புயல் காப்பகங்களைக் கட்டக் கற்றுக்கொண்டோம். பிள்ளையின் மனத்துக்குக் காப்பகம் எது? பொறுமையோடு கேட்கும் ஒரு பெரியவரின் அருகாமையே.

நிவாரணப் பணிக்குச் சென்று வந்த அன்பர்களே, ஓராண்டு கழித்து அவ்வூருக்கு மீண்டும் செல்லுங்கள். அன்று உங்கள் கையிலிருந்து சோறு வாங்கிய சிறுவனைத் தேடிப் பிடித்து, "இப்போது நன்றாக உறங்குகிறாயா, தம்பி?" என்று கேளுங்கள். தொடங்கிய சேவை அப்போதுதான் நிறைவுபெறும்.