ஆரவாரமும் அன்பும்

நம் அணியின் ஆட்டக்காரரைப் போற்றுவதாலேயே நாம் நிறவேற்றுமையைக் கடந்தவர்கள் ஆகிவிடுவோமா?

அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றைக் காண்போம். கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் மூடியிருந்த பெரும்போட்டிகளின் கதவு, 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடியபோது திறந்தது. 1974 ஏப்ரல் 8ஆம் நாள், அட்லாண்டா அணியின் ஹாங்க் ஆரன், வெள்ளையரான பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையைக் கடந்தார். உள்ளூர் அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அதற்கு முந்தைய மாதங்களிலோ, கறுப்பர் என்பதாலேயே அவருக்குக் கொலைமிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அவற்றை அவர் பல்லாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார்.

வெற்றி தரும் கையை மட்டும் விரும்புவது ஆதாயத்தின் மீதுள்ள பற்றேயன்றி, மனிதர் மீதுள்ள அன்பன்று. பந்தைத் தவறவிட்ட நாளிலும் அவரை நம்மவராகக் காண்கிறோமா? ஆரவாரம் அடங்கியபின் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி இதுவன்றோ!