87 போதும்

அமெரிக்காவில் பெட்ரோல் நிரப்ப வண்டியை நிறுத்துகிறவர் முன்னால் வழக்கமாக மூன்று பொத்தான்கள் இருக்கும். மஞ்சள் ஸ்டிக்கரில் 87, 89, 93 என்று எண்கள். சில மாநிலங்களில் மேல் எண் 91. கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வர் பக்கம் கீழ் எண் 85. பெரும்பாலான மாநிலங்களில் ஊழியர் வந்து ஊற்றுவதில்லை. தானே தேர்ந்து, தானே ஊற்றிக்கொள்ள வேண்டும்.

பிக்கப் டிரக் வைத்திருப்பவருக்கு அந்தத் தேர்வு இன்னும் கனமானது. தச்சர், பண்ணைக்காரர், வீடு கட்டுகிறவர் என்று பலருடைய பிழைப்பையே அந்த வண்டி சுமக்கிறது. மரமும் சிமென்ட் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, பின்னால் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு பல வருஷம் உழைக்கிறது. அப்படிப்பட்டவரின் விரல் 93-ஐ நோக்கிப் போனால் அதில் பகட்டு இல்லை. இவ்வளவு செய்கிறதே, இதற்கு நல்லதாகக் கொடுப்போம் என்ற நன்றிதான் இருக்கிறது. அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் நல்லது எது என்பதைக் கொடுப்பவரின் மனம் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. பெறுபவரின் இயல்பையும் கேட்க வேண்டும்.

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிற்கின்றன. பிஸ்டன் மேலேறி அந்தக் கலவையை நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடு ஏறுகிறது. சரியான கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறியை இடுகிறது. சுடர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாளாமல் தானாகப் பற்றிக்கொண்டால், தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். நாக்கிங் என்பது அதுதான். நீடித்தால் எஞ்சினையே சிதைத்துவிடும். எவ்வளவு நெருக்கினாலும் தன் முறை வரும்வரை பற்றிக்கொள்ளாமல் இருக்கும் தன்மை பெட்ரோலுக்கு எவ்வளவு உண்டு என்பதைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது.

அதாவது, பொறுமையை அளக்கிறது. பலத்தை அளக்கவில்லை.

1920-களில் வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இந்த அளவுகோலை வகுத்தபோது, எளிதில் தானாகப் பற்றாத ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும், உடனே பற்றிவிடும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்தார். இரண்டுமே எரிகிறவைதான். எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் வேறுபாடு. எத்தனாலை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். அதன் ஆக்டேன் பெட்ரோலைவிட மிக அதிகம். ஒரு கேலனில் அடங்கியிருக்கும் ஆற்றலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் உயர்ந்தால் உள்ளே சக்தி கூடுகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

பொறுமைக்கு வேலை வருவது நெருக்கும் இடத்தில். கலவையை மிக இறுக்கிப் பிழியும் எஞ்சின்களும், டர்போவால் காற்றைத் திணிக்கும் எஞ்சின்களும் அந்தப் பொறுமையைக் கேட்கின்றன. சாதாரணப் பெட்ரோலுக்கென்று வடிவமைத்த எஞ்சின் அந்த அளவுக்கு நெருக்குவதே இல்லை. 87-ன் பொறுமை எதுவரை தாங்குமோ அதற்குள்ளேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதில் 93-ஐ ஊற்றினால் அதுவும் எரிந்து, அதே வேலையைச் செய்து, புகையாகப் போகிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பொறுமையை யாரும் கேட்கவில்லை.

அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சோதித்த வண்டிகளில் டொயோட்டா டண்ட்ரா என்ற எட்டு சிலிண்டர் பிக்கப்பும் ஒன்று. 87-ஐயும் 93-ஐயும் மாற்றி மாற்றி ஊற்றித் திறன், மைலேஜ், புகை மூன்றையும் அளந்தார்கள். சாதாரணப் பெட்ரோலுக்கான வண்டிகளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. முந்தைய ஓராண்டில் அந்நாட்டில் இப்படித் தேவையின்றி ஊற்றிய பிரீமியத்துக்காக 210 கோடி டாலருக்கு மேல் செலவானதாகவும் அந்தச் சங்கம் கணக்கிட்டது.

இந்த இடத்தில் என் மனம் சைவ சித்தாந்தத்தின் பக்குவம் என்ற கருத்துக்குப் போகிறது. ஆன்மாவில் அருள் பதிவதையே மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகப் பகுத்தார்கள். நெறிகளையும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்காக வைத்தார்கள். பக்குவம் பாராமல் குரு எல்லோர் காதிலும் ஒரே உபதேசத்தை ஓதுவதில்லை. எதைத் தாங்கும், எது பயன்படும் என்று பார்த்தே கொடுக்கிறார். அப்படிப் பார்ப்பதே கருணை. சரியை நெறிக்கு அப்பர் பெருமானைச் சொல்வார்கள். கையில் உழவாரப்படையோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். ஞானநெறிக்கு மாணிக்கவாசகரைச் சொல்வார்கள். சிவாலயத்தில் இந்த நான்கு நெறிகளுக்கும் உரிய நால்வரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அப்பர் முன்னால் ஒரு படி குறைவாக யாரும் கும்பிடுவதில்லை.

இது தெரிந்தும் நாம் உயர்ந்தது என்று கேள்விப்பட்டதையே நம்மேல் ஊற்றிக்கொள்ள ஆசைப்படுகிறோம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்து, உடம்பைத் துடைத்து, புண் வராமல் புரட்டிவிடும் ஒரு பெண், "என்னால ஒரு மணி நேரம் தியானத்துல உட்கார முடியலையே" என்று கண் கலங்குகிறாள். அவள் செய்துகொண்டிருப்பதே சரியை. அவள் வாழ்க்கை கேட்பதும் அதுதான். அதைக் குறை என்று நினைத்து, யாரோ ஒரு துறவிக்கு உரிய விரதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டால் அவளுக்குக் களைப்புதான் மிஞ்சும். நம் இயல்புக்கு உரியது எளியதாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டியதில்லை.

பக்குவம் பார்ப்பது என்றால் எப்போதும் குறைவாகக் கொடுப்பது என்றும் ஆகிவிடாது. ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் டர்போ எஞ்சின்கள் 87-ல் ஓடும். ஆனால் கடும் வெயிலில் பெரிய டிரெய்லரை இழுக்கும்போது பிரீமியம் நல்லது என்பதே தயாரிப்பாளரின் அறிவுரை. ராம் பிக்கப்பின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினுக்கு 89-ஐப் பரிந்துரைத்தார்கள். பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட வண்டிகளை 2017-ல் ஏ.ஏ.ஏ. சோதித்தபோது சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. பரிந்துரை என்பதைத் தாண்டி, பிரீமியம் கட்டாயம் என்றே எழுதியிருக்கும் எஞ்சினில் காசை மிச்சம் பிடிக்க 87 ஊற்றினால் அது அந்த எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை.

பிரீமியம் எஞ்சினைச் சுத்தம் செய்யும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அழுக்கு நீக்கும் சேர்மானம் எல்லாத் தரப் பெட்ரோலிலும் இருக்க வேண்டும் என்பது 1995 முதல் அங்கே சட்டம்.

இந்தப் பொறுமையைப் பெட்ரோலுக்குள் கொண்டுவர மனிதர்கள் கொடுத்த விலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு துளி ஈயச் சேர்மம் நாக்கிங்கை அடக்கிவிடும் என்று 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். 1923-ல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த ஈயத்தைக் கையாண்ட ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். ஆனாலும் விற்பனை தொடர்ந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகளின் இரத்தத்தில் பல பத்தாண்டுகள் ஈயம் ஏறியது. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடையானது 1996-ல்தான். இன்றைய பிரீமியத்தில் ஈயம் இல்லை. ஆனால் மூலக்கூறுகளை மாற்றி அடுக்கி அந்த எண்ணை உயர்த்த, சுத்திகரிப்பு ஆலை கூடுதலாக உழைத்தாக வேண்டும். அந்த உழைப்புக்கும் நெருப்பு தேவை. இவ்வளவு செய்து உண்டாக்கிய ஒன்றைத் தேவையில்லாத இடத்தில் ஊற்றுவது, அன்பினால் செய்தாலும், வீணாக்குவதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் டிரக்கோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் மூடிக்குப் பின்னாலும் பல வண்டிகளில் எழுதியிருக்கும். 87 என்று இருந்தால் மனக்குறை இல்லாமல் 87 ஊற்றுங்கள். மிச்சமாகும் பணத்தில் எஞ்சின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுங்கள், ஏர் ஃபில்டரைப் பாருங்கள், டயரில் காற்றைச் சரிபாருங்கள். உங்களுக்காக உழைக்கும் அந்த வண்டிக்குப் பயன்படுவது அதுதான்.