சூரைச் செடியின் நிழலில்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்பத் திருவிழாவைக் கொண்டாடிய அதே காலையில், நமது கிழக்குக் கரையில் குடும்பங்கள் குடும்பங்களாகக் கடலோடு போயின. இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டவர் 10,000 பேருக்கும் மேல். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வரிசையாய் அமைந்த ஊர்களில் முஸ்லிம், தமிழர் என்று அலை பேதம் பார்க்கவில்லை.

ஆண்டுகள் இருபதுக்கும் மேல் கடந்துவிட்டன. வீடுகள் எழுந்தன, தோணிகள் மீண்டும் கடலில் இறங்கின. ஆனால் சில உள்ளங்களில் அந்த நீர் இன்னும் வடியவில்லை. "பிடித்த கையை விட்டுவிட்டேனே" என்று தன்னையே குற்றஞ்சாட்டும் தாய்க்கு எந்த ஊரில் ஆறுதல் கிடைக்கும்?

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கம் வந்து வந்து போகும். இடையில் ஒரு குழந்தையின் சிரிப்புக்கு நாமும் சிரிப்போம். மனச்சோர்விலோ அச்சிரிப்பும் எட்டாது. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் இருண்டு, எதிலும் பிடிப்பின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, "நான் எதற்கும் உதவாதவன்" என்று தோன்றினால் அது நோய். இழப்பு மட்டுமே அதற்குக் காரணமன்று. பரம்பரை, பிரசவம், நீடித்த நோய், கடன், குடிப்பழக்கம் முதலியவையும் வழி திறக்கும். சில வேளைகளில் வெளிப்படையான காரணமே இராது.

இத்தகையோரிடம் நாம் என்ன சொல்கிறோம்? "விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் செபி" என்கிறோம். அப்படியானால் எலியாவுக்கு விசுவாசம் இல்லையா? கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை வருவித்த அதே தீர்க்கதரிசிதான், பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் விழுந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடினார்.

வானதூதர் அவரைக் கண்டித்தாரா? இல்லை. தொட்டு எழுப்பினார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். உண்டு மீண்டும் உறங்கியவரை உறங்கவிட்டார். இரண்டாம் முறையும் வந்தார். அதன் பின்னரே ஓரேபு மலைப் பயணம். பிறகு ஆண்டவர் அவருக்கு எலிசாவைத் துணையாகவும் தந்தார்.

அன்பர்களே, நம் கடமை இதில் தெளிவாக இருக்கிறது. முதலில் உபதேசம் அன்று. உணவு, உறக்கம், தொடுகை, துணை. பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். காலையில் சிறிது தூரம் கூட நடந்து செல்லுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது. "சாக வேண்டும்" என்ற சொல் காதில் விழுந்தால், அவரைத் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. மருந்தையும் படைத்தவர் இறைவனே; அதை உட்கொள்வது அவநம்பிக்கை ஆகாது.

நமது முஸ்லிம் அயலவரும் தம் நபிகளாரின் வாழ்வில் ஓர் ஆண்டைத் "துயர ஆண்டு" என்றே நினைவுகூருகின்றனர். மனைவி கதீஜாவும் ஆதரவாய் இருந்த பெரிய தகப்பனும் மறைந்த ஆண்டு அது. துயரப்படுவது வெட்கமன்று என்பதில் நாம் அனைவரும் ஒன்றே.

இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், சில மாதங்களாகக் கோவிலில் காணாத ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். சோற்றுப் பாத்திரத்தோடு போங்கள். அடுத்த வாரமும் போங்கள். வானதூதரும் இருமுறை வந்தார் அல்லவா?