ஸ்காபரோக் குன்றின் மூதாட்டி

டொரிஸ் மக்கார்த்தி 1910-இல் கல்கரியில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த ஓவியர். 2010 நவம்பரில், நூறு வயது நிறைந்த பிறகு மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் ரொறன்ரோ ஓவியர்களில் இரண்டு மூன்று தலைமுறையினர் அவரைத் தங்கள் வீட்டுப் பெரியவராகவே கொண்டாடினார்கள். பெற்று வளர்த்தால்தான் ஒரு பெண் குடும்பத்துக்குத் தலைவியா என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை எழுப்புகிறது.

1939-இல் ஸ்காபரோவின் மண்குன்றுகளின் மேல், ஒன்ராறியோ ஏரியைப் பார்த்தபடி கிடந்த 12 ஏக்கர் நிலத்தை 1,250 டொலருக்கு வாங்கினார். அன்று அது ஊருக்கு வெளியே. தனியாக நிற்கும் இளம் ஆசிரியை, கையிலுள்ள பணத்தை இப்படி ஏரிக்கரையில் போடுவதா என்று தாய்க்குக் கவலை. முட்டாளின் சொர்க்கம் என்று கேலி செய்தார். மகள் அந்தக் கேலியையே வீட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்: ஃபூல்ஸ் பாரடைஸ். சிறு குடிலாகத் தொடங்கி, அறை அறையாக வளர்ந்த வீடு அது. கடைசி வரை அங்கேதான் வாழ்ந்தார்.

ஓவியத்தால் மட்டும் வயிறு நிறையாத காலம். 1932-இல் சென்ட்ரல் டெக்னிக்கல் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்து, நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். வகுப்பு முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும்தான் சொந்த ஓவியம். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ஜோய்ஸ் வீலண்ட். கனடாவின் தேசிய ஓவியக்கூடம் உயிரோடிருக்கும் ஒரு கனடியப் பெண் கலைஞருக்கு முதன்முதலாகத் தனிக் கண்காட்சி வைத்தது இவருக்குத்தான், 1971-இல். ஆசிரியத் தொழில் தன் கலையைத் தின்றுவிட்டது என்று புலம்பும் கலைஞர்கள் எங்கும் உண்டு. மக்கார்த்தியின் விஷயத்தில் அந்தத் தொழில்தான் அவருக்கு ஒரு பரம்பரையைக் கொடுத்தது.

1972-இல், 62 வயதில், ஓய்வு பெற்றார். பலர் கணக்கை முடிக்கும் வயது. அதே ஆண்டு முதன்முறையாக ஆர்க்டிக் போனார். அங்கே கண்ட பனிப்பாறைகள் அவருடைய தூரிகையையே மாற்றிவிட்டன. அந்த ஓவியங்களில் பாறைக்குக் கனம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்ததுபோல் நீலமும் வெள்ளையும் அடுக்கடுக்காக நிற்கும், ஒன்றின் ஊடே மற்றொன்று தெரியும். அவருடைய பெயரைச் சொன்னால் இன்று பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவை இவையே. இந்த ஓய்வுக்காலத்திலேயே பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் 1989-இல் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றார். அப்போது வயது 79. அடுத்த ஆண்டே தன்வரலாற்றின் முதல் நூல் வந்தது.

இதை வைத்து அவரை நம் வீட்டு அம்மம்மாக்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அதே ஸ்காபரோவில் அறுபது கடந்த தமிழ்ப் பெண்கள் பலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நாலு பேருக்குச் சமைக்கிறார்கள். மக்கார்த்திக்கு அந்தச் சுமை இல்லை. சொந்த நிலமும் ஓய்வூதியமும் தனி அறையும் இருந்தன. ஆனால் ஒன்றை அவரிடமிருந்து கேட்டு வாங்கலாம். அவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிவைத்தார். நம் பாட்டிமாரின் தையலும் கோலமும் பாட்டும் அவர்களோடு போவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. வீட்டில் யாரும் அதை வேலையாக எண்ணிக் குறித்துவைக்காததே காரணம்.

வாரிசில்லாதவர் தம் சொத்தைப் பங்கிட்ட விதமும் கவனிக்கத்தக்கது. நிலத்தில் ஒரு பகுதி இயற்கைப் பாதுகாப்புக்குப் போனது. வீட்டை 1998-இல் ஒன்ராறியோவின் பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் அமைப்புக்கு எழுதிக்கொடுத்தார். இப்போது அங்கே ஓவியர்களும் எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் வந்து தங்கி வேலை செய்கிறார்கள். அவர் பட்டம் பெற்ற வளாகத்தில் 2004-இல் அவர் பெயரால் ஓவியக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. தமிழர் பணம் சேர்த்து நிறுவிய தமிழ் இருக்கையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. தமிழ் நிகழ்ச்சிக்கு அங்கே போகிறவர்கள் அந்தக் கூடத்துக்குள்ளும் ஒருமுறை நுழைந்து பார்க்கலாம். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரையும் கூட்டிப்போகலாம்.