ஆடுகளத்துச் செல்வமும் ஊருணி அறமும்

கால்பந்து ஆடிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர்கள் அந்தச் செல்வத்தைப் பொறுப்போடு செலவிடுகிறார்களா? ஐரோப்பிய நகரங்களில் எழும் இக்கேள்வி அரிமளத்துத் தேநீர்க் கடையிலும் எழுகிறது. எழுவதில் வியப்பும் இல்லை. ரொனால்டோவின் 7ஆம் எண்ணையும் மெஸ்ஸியின் 10ஆம் எண்ணையும் முதுகில் தாங்கிய சட்டை அணிந்து, அறுவடை முடிந்த வயலில் நம் சிறுவர்கள் பந்து உதைக்கிறார்கள். அந்த வீரர்களின் கார்கள் எத்தனை, கைக்கடிகாரத்தின் விலை என்ன, மாளிகையின் பரப்பு எவ்வளவு என்னும் செய்திகள் கைப்பேசி வழியே நொடியில் வந்து சேர்கின்றன. பார்த்தவர் பெருமூச்சு விடுகிறார். "பந்தை உதைத்தவனுக்கு இவ்வளவா? பயிரை வளர்த்தவனுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நியாயமான கேள்விக்கு அவசரமான விடை தகாது. ஆகவே, அடியிலிருந்து ஆராய்வோம்.

அந்தப் பணம் எவருடைய உழைப்பின் விலை? 1961ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டக்காரர் எவரும் வாரத்திற்கு 20 பவுண்டுக்கு மேல் ஊதியம் பெறுதல் ஆகாது என்று உச்சவரம்பு இருந்தது. பல்லாயிரவர் நுழைவுச் சீட்டு வாங்கி அரங்கை நிரப்பினர். நிரப்பியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். ஆடியவர்களும் பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வந்த பணமோ கழகங்களின் பெட்டியிலேயே தங்கிற்று. ஜிம்மி ஹில் என்ற ஆட்டக்காரர் தலைமையில் சங்கம் திரண்டது; வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்தது; 1961 சனவரியில் அந்த வரம்பு தகர்ந்தது. அவ்வாண்டிலேயே ஜானி ஹெயின்ஸ் என்பவரின் வார ஊதியம் 100 பவுண்டு ஆயிற்று. உழைத்தவன் தன் உழைப்பின் பங்கைக் கேட்டுப் பெற்ற வரலாறு இது. ஆட்டக்காரன் ஏழையாக இருந்த காலத்தில், அவன் ஆட்டத்தால் வந்த பொருள் எங்கே போயிற்று என்று கேட்டவர் சிலரே. அவன் கைக்குப் பொருள் வந்த பிறகுதான் 'பொறுப்பு' என்ற சொல் பலர் நாவில் பிறந்தது!

செய்தித்தாளில் வரும் எண்களையும் சற்றுப் பிரித்து அறிய வேண்டும். 2017இல் நெய்மார் பார்சலோனாவை விட்டுப் பாரிசுக்குச் சென்றபோது பேசப்பட்ட 22 கோடியே 20 இலட்சம் யூரோ, நெய்மாரின் சட்டைப்பைக்குள் விழுந்த பணம் அன்று. அவரை விடுவித்த பார்சலோனாக் கழகத்திற்குச் சென்ற விலை. அவர் பெற்ற ஊதியம் தனி, அதுவும் பெரியதே. எனினும், விலை வேறு, கூலி வேறு. கழகத்தின் கணக்கையும் ஆட்டக்காரனின் கணக்கையும் ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு அவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். பாட்டன் தேடிய பொருளில் பேரன் பத்து மாளிகை கட்டினால் அவன் பரம்பரைச் செல்வன். அவனை ஊர் வணங்குகிறது. சேரியிலும் குடிசையிலும் பிறந்தவன் தன் காலால் தேடிய பொருளில் ஒரு கார் வாங்கினால் அவன் ஊதாரி. அவனை ஊர் எள்ளுகிறது. ஏன் இந்த இருவேறு நீதி? வாழத் தெரிந்தவர் இன்னார், வாழத் தகாதவர் இன்னார் என்று பிறப்பை வைத்து அளந்த பழைய முழக்கோலின் மிச்சம் இதில் ஒளிந்திருக்கிறது. அறம் பேசுகிறவர் முதலில் அந்த முழக்கோலை முறித்துப் போட வேண்டும். பொறுப்புப் பற்றிய கேள்வி செல்வம் உடைய எல்லாரையும் நோக்கிக் கேட்கப்பட வேண்டும். அவ்வாறு கேட்கப்படும்போதே அதை ஆட்டக்காரரை நோக்கிக் கேட்கவும் நமக்கு உரிமை பிறக்கிறது.

அப்படியானால் ஆட்டக்காரன் விரும்பியவாறு வீசி எறியலாமா? கூடாது. அவன் கடமைகளுள் முதலாவது தன்னையும் தன் குடும்பத்தையும் காத்தல். ஆசிரியர் ஐம்பத்தெட்டிலும் பாடம் நடத்தலாம். உழவர் எழுபதிலும் ஏர் பிடிக்கலாம். பந்தாட்டக்காரனின் தொழில் வாழ்வோ முப்பத்தைந்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. முழங்காலில் ஒரு முறிவு நேர்ந்தால் அதற்கு முன்பே முடிந்துவிடும். பிரேசில் நாட்டுக் கரிஞ்சா, 1958இலும் 1962இலும் உலகக் கோப்பையை வென்ற அணிகளில் ஆடியவர்; கால் வளைந்து பிறந்தும் காண்போர் வியக்க ஆடியவர். குடியும் வறுமையும் அவரை அரித்தன. 1983இல், 49ஆம் வயதில் மாண்டார். கைதட்டியவர் இலட்சக்கணக்கானோர், கடைசி நாளில் கைகொடுத்தவர் சிலரே. ஆகவே, நாளைக்கென்று சேமிக்கும் ஆட்டக்காரனைக் கஞ்சன் என்று தூற்றுவது பேதைமை.

ஆயினும் சேமித்து முடித்த பின்னும் ஏழு தலைமுறைக்குப் போதும் என்னும் அளவு பொருள் மிஞ்சினால்? அங்கேதான் உண்மையான அறக்கேள்வி தொடங்குகிறது. வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். உலகம் விரும்ப வாழும் பேரறிவாளன் செல்வத்துக்கு அவர் காட்டிய உவமை நீர் நிறைந்த ஊருணி. புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்க்கு இதன் பொருளை உரையாசிரியர் விளக்க வேண்டியதில்லை. ஊருணி தானாக நிறைவதில்லை. மேட்டு நிலத்தில் பெய்த மழை வரத்துக்கால் வழியே ஓடிவந்து அதை நிறைக்கிறது. ஊர் முழுவதும் குடம் ஏந்தி வந்து மொண்டு செல்கிறது. நீர் தந்ததும் ஊர்ப்புறம். நீர் பெறுவதும் ஊர்.

ஆட்டக்காரனின் செல்வமும் அத்தகையதே. திறமை அவனுடையது, உழைப்பு அவனுடையது, ஐயமில்லை. ஆனால் அதே திறமையோடு ஆளில்லாத தீவில் ஆடினால் ஒரு காசும் கிடைக்காது. அரங்கில் சீட்டு வாங்கியவர், தொலைக்காட்சிக்குக் கட்டணம் கட்டியவர், அவன் பெயர் எழுதிய சட்டையை மகனுக்கு வாங்கித் தந்த ஏழைத் தந்தை ஆகிய கோடிக்கணக்கானோரின் சிறு காசுகள் வரத்துக்கால் வழியே வந்து அவன் ஊருணியை நிறைக்கின்றன. மக்களால் நிறைந்த செல்வத்தில் மக்களுக்குப் பங்கு உண்டு. அதைத் தருவது கடன் தீர்த்தல். தயவு காட்டுதல் என்று அதற்குப் பெயரிட வேண்டா.

செல்வம் எந்த வழியில் நிலைக்கிறது, எந்த வழியில் மறைகிறது என்பதற்கு எங்கள் பகுதியே பாடநூலாக விளங்குகிறது. அரிமளத்திலிருந்து காரைக்குடி நோக்கிச் செல்வோர் செட்டிநாட்டு மாளிகைகளைக் காண்பர். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் ஈட்டிய பொருள் பர்மாத் தேக்காகவும் இத்தாலிச் சலவைக்கல்லாகவும் வந்து இறங்கியது. இன்று அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. வௌவால் மட்டுமே வாடகையின்றி வாழ்கிறது. அதே மண்ணில், அதே மரபில் வந்த அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பூட்டிய மாளிகையின் சாவி எவரிடம் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாது. கல்லூரியின் கதவோ இன்றும் திறந்தே இருக்கிறது.

ஆட்டக்காரருள்ளும் அழகப்பர் வழி நடப்போர் உண்டு. செனகல் நாட்டின் பம்பாலி என்னும் சிற்றூரில் பிறந்தவர் சாடியோ மானே. அவர் சிறுவராக இருந்தபோது தந்தை நோயுற்று இறந்தார். அவ்வூரில் அன்று மருத்துவமனை இல்லை. இங்கிலாந்தில் ஆடிப் பொருள் ஈட்டிய மகன் அவ்வூருக்குப் பள்ளி கட்டித் தந்தார். 2021இல் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. நம் நாட்டில் ஆட்டச் செல்வம் கால்பந்தைவிடக் கிரிக்கெட்டிலேயே குவிகிறது. அங்கும் ஒரு தமிழர் இருக்கிறார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசன், விசைத்தறித் தொழிலாளியின் மகன். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அவருக்கு 3 கோடி ரூபாய் விலை கிடைத்தது. அவர் தம் ஊரிலேயே கிரிக்கெட் திடல் அமைத்தார். 2023 சூனில் அது திறக்கப்பட்டது. தமக்குக் கிடைக்காத திடல் தம் பின்னால் வருவோர்க்குக் கிடைக்கட்டும் என்று எண்ணியது எத்துணை உயர்ந்த உள்ளம்!

இங்கே எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சியையும் நினைக்க வேண்டும். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராசன், 2006 திசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தனர். தமிழ்நாடு அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசு தந்தது. பதக்கம் பறிபோன அந்தப் பெண், அப்பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சிக் களம் நடத்தினார். பின்னர் நடந்தது என்ன? 2012இல் அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலை வந்தது. அதன் பிறகே பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் ஆனார்.

சாந்தியைவிடப் பொறுப்போடு செலவிட்டவர் எவர்? கோடிகளை உடையவர் கிள்ளிக் கொடுத்தபோது, இலட்சங்களை மட்டும் உடையவர் அள்ளிக் கொடுத்தார். இருந்தும் அந்தக் கொடை அவரையும் காக்கவில்லை. அந்தக் களத்தையும் நெடுநாள் காக்கவில்லை. காரணம் என்ன? ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் ஓடுவதற்குக் களம் வேண்டும் என்பது ஒரு பெண்ணின் பரிசுப் பணம் தாங்கக் கூடிய சுமையா? தனிமனிதர் ஈகையை மட்டும் நம்பிய திடல், அவர் கை வற்றும்போது தானும் வற்றிவிடும். வரத்துக்கால் இல்லாத ஊருணிக்குக் குடத்தால் நீர் சுமந்து ஊற்றியவர் அவர். குடம் சுமந்த தோள் வலித்துப் போயிற்று. கால்வாயை வெட்ட வேண்டியவர்களோ கைகட்டி நின்றனர்.

வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதையும் பார்ப்போம். ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆட்டக்காரனின் கைக்கடிகாரத்தை எண்ணிய கண்கள் இந்த எண்ணைக் காண்பதில்லை. இதற்கு முன்னால் எந்த வீரனின் மாளிகையும் மணல் வீடு. ஆட்டத்தை ஆள்வோர், அதனால் பெறுவதில் எத்தனைச் சிற்றூர்த் திடல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றனர் என்று கேட்பதே பெரிய கேள்வி.

அப்படியானால் ஈகை பயனற்றதா? பயனுடையதே. அதனினும் உயர்ந்த செலவு ஒன்று உண்டு. அது புகழைச் செலவிடுவது. மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆடிய மார்க்கஸ் ராஷ்போர்டு, சிறு வயதில் பள்ளியில் இலவச உணவு உண்டு வளர்ந்தவர். 2020இல், கொரோனாக் கொடுநோய்க் காலத்தில், கோடை விடுமுறை வந்தால் ஏழைப் பிள்ளைகளின் உணவு நின்றுவிடும் என்ற நிலை எழுந்தது. அவர் நன்கொடை திரட்டியதோடு நிற்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். உதவி இல்லை என்று முதலில் சொன்ன அரசு, அடுத்த நாளே இறங்கி வந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் உணவுச் சீட்டு கிடைத்தது. அவர் தம் செல்வம் முழுவதையும் விற்றிருந்தாலும் அத்தனை பிள்ளைகளுக்குக் கோடை முழுவதும் சோறிட இயலுமா? காசு செய்ய முடியாததைக் குரல் செய்தது. கொடையாக இருந்தது உரிமையாக மாறியது.

தமிழ்நாட்டில் உள்ள நமக்கு இது புதிய பாடம் அன்று. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956க்குப் பின் நாடெங்கும் பரவி, 2022இல் காலை உணவாகவும் வளர்ந்த திட்டம் நமக்குக் கற்பித்தது எது? அன்னதானத்தில் உண்பவன் கைகூப்பி நிற்கிறான். உரிமையாய் வரும் உணவை உண்பவன் தலைநிமிர்ந்து நிற்கிறான். என் வகுப்பில் தட்டேந்தி அமரும் பிள்ளைகள் எவர் தயவையும் எண்ணிக் குன்றுவதில்லை. அந்த நிமிர்வு ஆடுகளத்திலும் அவர்களுக்கு வேண்டும்.

ஆகவே, செல்வம் பெற்ற ஆட்டக்காரன் பொறுப்போடு செலவிடுகிறானா என்று அளக்க விரும்புவோர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். களம் விட்டு இறங்கிய பின்னும் பிறர் கையை எதிர்பாராமல் வாழும் அளவு தன்னையும் தன் குடும்பத்தையும் காத்தானா? தன்னை நிறைத்த மக்களுக்குத் தன் ஊருணியைத் திறந்தானா? தன் புகழை, தானில்லாத காலத்திலும் நீர் வரும் கால்வாயை வெட்டுவதற்குச் செலவிட்டானா? மூன்றிற்கும் 'ஆம்' என்பவன் எத்தனைக் கார் வைத்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. மூன்றிற்கும் 'இல்லை' என்பவன் எளிய உடை உடுத்தினாலும் அவன் வீணனே.

தோழர்களே! மூன்றாம் கேள்வி ஆட்டக்காரனோடு முடிவதன்று. ஊராட்சியையும் ஆட்சியையும், ஆட்டத்தை விற்றுப் பெட்டி நிறைக்கும் கழகங்களையும், நம்மையும் அது கேட்கிறது. மானேயும் நடராசனும் எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. அவர்கள் பிறக்காத ஊர்ப் பிள்ளைகளும் ஓட வேண்டும், ஆட வேண்டும். வள்ளல் வருவான் என்று வழிபார்த்திருக்கும் ஊரில் திடல் முளைக்காது. எங்கள் பிள்ளைகளுக்குத் திடல் வேண்டும் என்று கிராம சபையில் எழுந்து கேட்கும் ஊரில் அது முளைக்கும். கடன் பட்ட வீரர்கள் அந்தக் குரலோடு தம் குரலையும் சேர்க்கட்டும். அதுவே அவர்கள் செய்யக்கூடிய செலவுகளுள் சிறந்த செலவு!