காதுக்குக் கடைசி வரிசை போதும்

இலங்கை வானொலியில் ஒலித்த தமிழகப் பாடகர்களின் குரல்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கவில்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் நேரே போய்ச் சேர்ந்தன. முகம் தெரியாமலே அவை வீட்டுக் குரல்களாயின. அப்படியொரு குரலுக்கு உரியவர் மேடையேறும் நாளில், கேட்டுப் பழகிய நமக்குப் பார்க்கும் ஆசை முந்திக்கொள்கிறது. 2024 பெப்ரவரியில் பாடகர் ஹரிஹரன் யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு வந்த இரவில், கூட்டம் தடுப்புகளைத் தாண்டியதால் நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது.

கண்ணுக்கு முன்வரிசை வேண்டும். காதுக்குக் கடைசி வரிசையும் போதும். வயது ஒரு பாடகரின் உச்சத்தைச் சற்றே குறைக்கலாம்; அனுபவம் அவர் எடுக்கும் ஒவ்வொரு சொல்லையும் கனிய வைக்கும். அந்தக் கனிவு கூச்சலில் கேட்காது. மூத்த கலைஞருக்குப் பொன்னாடை பிறகு போர்த்தலாம். முதலில் அவர் பாடி முடிக்கும்வரை அமர்ந்து கேளுங்கள்.